செல்ப் எடுக்காத மெசின்

2022 ஆம் ஆண்டு, யூன் மாதக் கடைசி. கிளிநொச்சியில் ஒரு எரிபொருள் வரிசை. டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியிருந்தது, அதுவும் பவுசர் வருமோ வராதோ தெரியாது. வரிசை அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பத்தடி நகரும். லொறிக்காரரும் பஸ்காரரும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மரநிழலில் போய் இருந்தார்கள். மாமாவால் அப்படி இருக்க முடியவில்லை. எங்கடை உழவு மெசின் நிப்பாட்டினால் திரும்ப எடுக்காது. திறப்பைத் திருப்பினால் "டிக்" எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். நிப்பாட்டினால் ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்டவான இரும்பை நாலுபேர் சேர்ந்து தள்ளவேணும். நிப்பாட்டாவிட்டால் வாங்க வந்த டீசலை அங்கேயே நிண்டு எரிக்கவேணும்.

மாமா இரண்டையும் செய்தார். முதல் ஒரு மணித்தியாலம் எரித்தார், பிறகு மனம் கேளாமல் நிப்பாட்டினார். அதுக்குப் பிறகு வரிசை நகர்ந்த ஒவ்வொரு தரமும் நானும் பின்னுக்கு நிண்ட சான்ற் லொறிப் பெடியனும் தள்ளினோம். அண்டைக்குத்தான் இதைப் பற்றி எழுதவேணும் எண்டு நினைத்தேன். பொருளாதார நெருக்கடியைப் பற்றி எழுத ஆக்கள் நிறைய இருக்கினம். நான் எழுத நினைத்தது அந்த "டிக்" சத்தத்தைப் பற்றி.

"செல்ப்" எண்டு நாங்கள் சொல்லுறது பாதிச் சொல். ஆங்கிலத்தில் செல்ப் ஸ்ராட்டர். மனிதக் கை படாமல் தானே தொடக்குவது எண்டு பொருள். நாங்கள் ஸ்ராட்டரை விட்டுப்போட்டு செல்பை மட்டும் வைத்துக்கொண்டோம். "செல்ப் எடுக்குதில்லை", "செல்ப் அடிச்சுப் பார்", "செல்ப் போட்டுது". ஒரு எஞ்சினின் "தான்" அதன் பக்கவாட்டில் இரண்டு ஆணியில் தொங்குகிறது எண்டு ஆராவது கவிதை எழுதலாம். நான் எழுதப்போவதில்லை.

அந்தச் சாமானைக் கண்டுபிடித்த கதை ஒரு காசுப் பெட்டியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேய்ற்றன் எண்டொரு நகரம். அங்கே இருந்த நாஷனல் காஷ் ரெஜிஸ்ரர் கம்பனியில் சார்ள்ஸ் கெற்றரிங் எண்ட பொறியியலாளர் வேலை செய்தார். கடைகளில் கையால் சுற்றும் காசுப் பெட்டியை மின்சாரத்தால் திறக்கவைப்பது அவருக்குத் தரப்பட்ட வேலை. அதுக்குப் பெரிய மோட்டர் தேவை எண்டு மற்றவர்கள் நினைத்தார்கள். பெட்டி ஒரு நாளைக்கு நூறு தரம் திறபட்டாலும் ஒவ்வொரு தரமும் மோட்டர் ஓடுவது ஒரு செக்கன்தான் எண்டதைக் கெற்றரிங் கவனித்தார். ஒரு செக்கன் மட்டும் ஓடிவிட்டு ஆறப்போகும் மோட்டருக்கு அதன் சக்திக்கு மிஞ்சிய வேலையைக் கொடுக்கலாம். அது சூடேறிப் பழுதாக முதல் வேலை முடிந்துவிடும்.

காருக்கும் அதே யோசனைதான் போனது. அந்தக் காலத்தில் எஞ்சினின் முன்பக்கத்தில் இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுற்றித்தான் காரைத் தொடக்கவேணும். எஞ்சின் சிலவேளை எதிர்ப்பக்கம் உதைக்கும். உதைத்தால் கைபிடி சுழன்று வந்து மணிக்கட்டையோ தாடையையோ உடைக்கும். கடிலாக் கம்பனித் தலைவர் ஹென்றி லீலண்டின் நண்பர் பைரன் காட்டர், வழியில் நிண்டுபோன ஒரு பெண்ணின் காரைச் சுற்றிக் கொடுக்கப்போய், கைபிடி அடித்துக் காயப்பட்டு இறந்தார் எண்டும், அதுக்குப் பிறகுதான் லீலண்ட் "இதுக்கு ஒரு வழி பாருங்கோ" எண்டார் எண்டும் ஒரு கதை இருக்கிறது. ஆண்டும் இடமும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும், எனவே அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். சரியாகத் தெரிந்தது இதுதான்: 1912 ஆம் ஆண்டு மாதிரிக் கடிலாக் கார்கள் கெற்றரிங்கின் மின்சார ஸ்ராட்டரோடு வந்தன. ஏழை எளியவர்களின் காரான ஃபோர்ட் மொடல் ரீக்கு அது வர 1919 ஆனது. கைபிடி சுற்றத் தேவையில்லாததால் பெண்களுக்கு ஏற்றது எண்டு விற்கப்பட்டு வந்த மின்சாரக் கார்களின் சந்தையும் இதோடு படுத்தது. நூறு வருசத்துக்குப் பிறகு அதே மின்சாரக் கார் திரும்பி வருகிறது, அது வேறை கதை.

இதெல்லாம் பெற்றோல் எஞ்சினின் கதை. டீசலின் பிரச்சினை வேறு. ருடோல்ஃப் டீசல் 1897 இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓடவைத்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, நெரித்து, அந்த நெரிப்பில் வரும் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றும். பெற்றோல் எஞ்சின் காற்றை எட்டு ஒன்பது மடங்கு நெரித்தால் காணும். டீசலுக்குப் பதினாறு பதினேழு மடங்கு வேணும். அப்பதான் காற்றின் சூடு 500 பாகை செல்சியசைத் தாண்டும். மெதுவாகச் சுற்றினால் நெரிபட்ட காற்றின் சூடு சிலிண்டர்ச் சுவரால் வடிந்துபோகும், வளையங்களுக்கால் காற்றும் கசியும். ஆகவே டீசல் எஞ்சினைப் பலமாகச் சுற்றினால் போதாது, கெதியாகவும் சுற்றவேணும். ஒரு மனிதக் கைக்கு இரண்டும் சேர்ந்து வராது.

இதுக்கு ஆக்கள் கண்டுபிடித்த வழிகளைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. பெரிய எஞ்சின்களுக்கு அமுக்கிய காற்றைத் தாங்கியில் வைத்திருந்து உள்ளே விட்டார்கள். இங்கிலாந்தின் லிஸ்ரர் எஞ்சினுக்குப் பாரமான சக்கரம், கூடவே நெரிப்பை விடுவித்து வைக்கும் நெம்பு. நெரிப்பில்லாமல் சக்கரத்தைச் சுற்றி வேகமேற்றி, பிறகு நெம்பைத் தட்டிவிட்டால் சக்கரத்தின் வேகமே முதல் நெரிப்பைக் கடத்திவிடும். எங்கடை ஊர்களில் லாண்ட் மாஸ்ரரைத் தொடக்குகிறவர்கள் இண்டைக்கும் செய்வது அதைத்தான். அமெரிக்கக் கற்றர்பில்லர் டீசலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெற்றோல் எஞ்சினைப் பூட்டி, முதலில் குட்டியைத் தொடக்கி, குட்டியால் தாயைத் தொடக்கியது. எல்லாத்திலும் விசேசம் இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் உழவு மெசின். புகையும் ஒரு காகிதத் துண்டைச் சிலிண்டருக்குள் செருகி, துவக்குத் தோட்டா மாதிரி ஒன்றை அதுக்கெண்டு இருக்கும் துவாரத்தில் போட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்து எஞ்சின் சுற்றும். எங்கடை பக்கத்தில் அந்த மெசின் இருந்திருந்தால் காலமையில் தொடக்கிற சத்தத்துக்கு ஊரே பங்கருக்குள் இறங்கியிருக்கும்.

கெற்றரிங்கின் மின்சார ஸ்ராட்டர் டீசலுக்கும் வந்துசேர்ந்தபோது இந்த வித்தைகள் எல்லாம் மெல்ல மறைந்தன. எங்கடை வீட்டு மெசின் அந்தக் காலத்தின் பிள்ளை. மாசே பேர்கசன் 35. ஹரி பேர்கசனின் பழைய சாம்பல் நிற மெசினுக்குப் பின்னால் வந்தது, இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1964 வரைக்கும் செய்யப்பட்டது. இந்த மெசினின் சரித்திரத்திலேயே ஸ்ராட் பிரச்சினை ஒரு அத்தியாயம். முதல் வந்த டீசல் 35 இல் ஸ்ரான்டேர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. குளிர்காலக் காலமையில் அது எடுக்காது எண்டு இங்கிலாந்து விவசாயிகள் திட்டித் தீர்த்தார்கள். 1959 கடைசியில் அதைத் தூக்கிவிட்டு பேர்கின்ஸ் கம்பனியின் மூண்டு சிலிண்டர், இரண்டரை லீற்றர் எஞ்சினைப் போட்டார்கள். அந்த வருசமே பேர்கின்ஸையும் மாசே பேர்கசன் வாங்கிவிட்டது. பேர்கின்ஸ் எஞ்சின் குளிரிலும் எடுக்கும். உள்ளே போகும் காற்றை முதலில் சூடாக்க ஒரு சின்ன எரிகருவியும் அதோடு வரும். எங்கடை வெக்கைக்கு அது தேவைப்படுறதில்லை. மாமா அதைக் கழட்டி எறிந்து கனகாலம்.

எங்கடை தாத்தா இந்த மெசினை ஏற்கெனவே ஓடிய ஒன்றாக 1973 இல் வாங்கினார். மிளகாய்க் காசு. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் உட்பட இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடக்கின் விவசாயிகளின் கையில் முதன்முதலாகக் காசு புரண்டது. விசுவமடு, முத்தையன்கட்டு இளைஞர் திட்டங்களில் காணி எடுத்தவர்கள் செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள் எண்டு இண்டைக்கும் கிழவர்கள் சொல்லுவினம். அந்தக் காலத்தைப் பொற்காலம் எண்டு சொல்லுறவை ஒண்டை மறந்துபோகினம். மிளகாயை வரவிடாத அதே சட்டம் பெயாரிங்கையும் பிறஷையும் வரவிடவில்லை. கையில் காசு இருந்தது, கடையில் சாமான் இல்லை. ஆகவே திருத்துறவனுக்கு மதிப்பு வந்தது. கொழும்பில் பஞ்சிகாவத்தை, இங்கே ஒவ்வொரு பட்டினத்திலும் ஒரு கடைசல் பட்டறை, ஒரு கொயில் சுத்துற கடை. எரிந்த ஆமேச்சரைப் பிரித்துச் செப்பை நிமிர்த்தித் திரும்பச் சுத்தினார்கள். வெண்கலத் துண்டைக் கடைந்து புஷ் செய்தார்கள். 1977 இல் கதவு திறந்து யப்பான் சாமான் கொட்டியபோது இந்தப் பட்டறைகள் பாதி மூடுப்பட்டன. மிச்சப் பாதியை 1990 காப்பாற்றியது, அல்லது 1990 இல் மிச்சப் பாதி எங்களைக் காப்பாற்றியது. எப்படிச் சொல்வது எண்டு தெரியவில்லை.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பசளை, சீமெந்து, உதிரிப்பாகம், பற்றறி எண்டு பட்டியல் நீளும். ரோச் லைற் பற்றறிகூட வரக்கூடாது. பற்றறி இல்லாத ஊரில் செல்புக்கு என்ன வேலை? ஒரு டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதுக்கு மின்சாரமே தேவையில்லை, அதன் பம்ப் பல்லுச் சக்கரத்தில் ஓடுகிறது. தொடக்கத்துக்கு மட்டும்தான் பற்றறி. அந்தத் தொடக்கத்தைத் தள்ளு சமாளித்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், எடுக்கும்போது மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல். யாழ்ப்பாணக்காரருக்கு ஒரு குறை, சாய்த்து விட அங்கே பள்ளம் திட்டி கிடையாது, நிலம் தட்டையான சுண்ணாம்புக்கல். வன்னியில் எங்களுக்குக் குளக்கட்டு இருந்தது. மாமா அந்தக் காலத்தில் மெசினை வீட்டில் விட்டதே இல்லையாம். குளக்கட்டின் ஏற்றத்தில் நிப்பாட்டி, ரயருக்குக் கல்லு வைத்து, பக்கத்துக் கொட்டிலில் படுப்பார். விடியக் கல்லைத் தட்டிவிட்டால் இறக்கத்தில் உருண்டு தானே எடுக்கும்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது எங்கடை ஆக்களுக்கு ஒரு பெருமிதம் வரும். "தமிழன்ரை மூளை" எண்டு முடிப்பினம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமாவின் வலது மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். 1993 இல் ஆரோ ஒருவரின் லாண்ட் மாஸ்ரரைக் கைபிடி போட்டுச் சுற்றப்போய் உதைத்தது. கைபிடியைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றி மடிக்கக்கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேணும், கீழே தள்ளாமல் மேலே இழுக்கவேணும். அப்படிப் பிடித்தால் உதைத்தாலும் கை கழன்றுவிடும். மாமாவுக்கு அது தெரியும். அண்டைக்கு அவசரம். புக்கை கட்டித்தான் எலும்பு பொருந்தியது, சரியாகப் பொருந்தவில்லை. அமெரிக்காக்காரன் 1912 இல் முடித்துவைத்த ஒரு காயம் அது. எண்பது வருசம் கழித்து மாமாவின் கைக்கு வந்துசேர்ந்தது. சமாளித்தோம் எண்டு சொல்லுறபோது என்ன விலை கொடுத்துச் சமாளித்தோம் எண்டதையும் சொல்லவேணும்.

2008 கடைசியில் எனக்குப் பத்து வயது. பெட்டியில் கூரைத்தகரம், நெல்லு மூட்டை, அம்மம்மா. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எண்டு கிழக்கே கிழக்கே போனோம். செல்ப் அப்பவும் சரியில்லை, பற்றறியும் செத்துக்கொண்டிருந்தது. டீசல் தங்க விலை. ஆகவே நிப்பாட்டத்தான் வேணும். மாமா எல்லாரையும்போல மரத்தடி தேடமாட்டார், றோட்டு மேடு தேடுவார். முகப்பு இறக்கத்தைப் பார்த்திருக்கவேணும். உடையார்கட்டில் ஒரு இரவு, மேடு கிடைக்காமல் வயலுக்கை விட்டிருந்தோம். ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்கியது. அம்மம்மாவை இறக்க நேரமில்லை. அம்மா, சித்தி, நான், பக்கத்துத் தறப்பாளுக்கை இருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பம், எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். ஈர வயல், ரயர் புதையுது. மூண்டாம் தரம்தான் எடுத்தது. அந்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போனோம், ரெண்டு நாளில் பிரிந்துவிட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

மெசினை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு நடந்தோம். முகாமில் இருந்து ஊர் திரும்பின பிறகு, மாமா புத்தகத்தைக் கொண்டு அலைந்து மெசினைத் திரும்ப எடுத்தார். அதில் பற்றறி இல்லை, டைனமோ இல்லை, செல்ப் இல்லை. ஒரு செல்புக்குள்ளே நல்ல தடிப்பான செப்பு இருக்கிறது. ஆரோ கழட்டி விற்றிருக்கினம். மாமாவும் பழைய இரும்புக் கடையொன்றில் இருந்து வேறொரு செல்பை வாங்கிப் பூட்டினார். அதுவும் அதே மாதிரி ஆருடையோ மெசினில் இருந்து வந்ததுதான். அதுதான் 2022 இல் "டிக்" எண்டது.

வரிசையில் தள்ளின அண்டைக்குப் பின்னேரமே நான் மாமாவைக் கராச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுபோக வெட்டு வருகுது, சூடடிப்புக்குப் பிறகு நெல்லு ஏத்துற ஓட்டம்தான் மாமாவின் வருசச் சம்பாத்தியம். போன வருசம் "பற்றறிதான் பிழை" எண்டு ஒருவர் சொல்லி, மாமா நகை அடைவு வைத்துப் புதுப் பற்றறி வாங்கியிருந்தார். ஒரு மாதம் எடுத்தது, பிறகு பழையபடி.

கராச் ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். மெசினைத் தொடவில்லை. "தம்பி, முன் லைற்றைப் போட்டிட்டுத் திறப்பைத் திருப்பும்" எண்டார். திருப்பினேன். டிக். லைற் மங்கவில்லை. "விட்டிட்டுத் திரும்பத் திருப்பும்." இம்முறை மோட்டர் ஒரு உறுமல் உறுமி அரைச் சுற்றுச் சுற்றியது. லைற் அப்படியே செத்துப்போய் எழும்பியது.

"ரெண்டு வருத்தம்" எண்டார். லைற் மங்காமல் டிக் எண்டால் கரண்ட் மோட்டருக்குள்ளே போகவில்லை. பிறஷ் தொடவில்லை, அல்லது எங்கேயோ விட்டிருக்கு. லைற் செத்தால் கரண்ட் தேவைக்கு மிஞ்சிப் போகுது. உள்ளே ஏதோ உரஞ்சுது, சுத்த விடாமல் பிடிக்குது. இரண்டும் மாறி மாறி வந்ததால்தான் முதல் பார்த்தவர் குழம்பியிருக்கிறார்.

"அண்ணை, நீங்கள் இதுக்குச் சுத்தியலாலை தட்டிறனீங்களோ?"

மாமா சிரித்தார். "நாலு வருசமாத் தட்டிறன். தட்டினால் சிலநேரம் எடுக்கும்."

"அப்ப பிறஷ்தான் இறுகியிருக்கு."

கழட்ட முதல் பற்றறியின் பூமி வயரைத்தான் எடுத்தார். அந்த வயரின் மறுமுனை மெசின் உடம்பில் பூட்டப்பட்ட இடத்தைச் சுரண்டிக் காட்டினார். பச்சையும் துருவும். செல்ப் அடிக்கும்போது ஓடுவது 300 அம்பியர் அளவான கரண்ட். வழியில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற் அதிலேயே போய்விடும். பன்னிரண்டில் ஒன்பதுதான் மோட்டருக்குக் கிடைக்கும். வீட்டுக் குமிழுக்கு அந்தத் தடை தெரியவே தெரியாது, செல்புக்குத் தெரியும். புதுப் பற்றறி வாங்க முதல் ஒருவர் இந்த ஆணியைக் கழட்டி உரஞ்சியிருந்தால் மாமியின் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

மோட்டரை மேசையில் வைத்து, பின்பக்கத் தகரப் பட்டியைக் கழட்டினோம். நாலு பிறஷ். கெற்றரிங்கின் மோட்டரும் இதுவும் அடிப்படையில் ஒண்டுதான். உள்ளே சுழலும் ஆமேச்சரின் சுற்றும் வெளியே நிற்கும் சுற்றும் தொடராகப் பூட்டப்பட்டிருக்கும். அதனால் மோட்டர் சுற்றாமல் நிற்கிற கணத்தில்தான் ஆகக்கூடிய கரண்ட், ஆகக்கூடிய பலம். வேகமேற ஏறக் கரண்ட் குறையும். படுத்துக் கிடக்கிற எஞ்சினை எழுப்ப அதைவிடப் பொருத்தமான மோட்டர் இல்லை. அந்தக் கரண்ட் முழுவதும் இந்த நாலு பிறஷுக்கால்தான் போகவேணும். எங்கடையதில் இரண்டு பிறஷ் தேய்ந்து, அழுத்தும் வில்லு பிறஷில் இல்லாமல் கூட்டிலேயே குந்தியிருந்தது. ஒன்று கூட்டுக்குள் ஊத்தையால் இறுகி அசையவில்லை. பின்மூடியின் புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அந்த அளவுக்கு ஆமேச்சர் கீழே இறங்கி இரும்பில் உரஞ்சி, உரஞ்சின இடம் வெள்ளிபோல மினுங்கியது. ரெண்டு வருத்தமும் மேசையில் கிடந்தது.

சாமானுக்கு எங்கே போறது? டொலர் இல்லாத காலம், கடைகளில் தட்டுகள் காலி. சென்னையில் 1960 இல் தொடங்கின ரஃபே கம்பனி இதே 35 இன் வழிவந்த மெசினைக் கனகாலம் செய்ததால், அந்தச் சாமான்கள் முந்தி இங்கே தாராளமாக வந்துகொண்டிருந்தன. ஐயாவின் பால்மாத் தகரத்துக்குள் அப்படி வந்த புஷ் ஒன்று கிடந்தது. பிறஷ் கிடைக்கவில்லை. லொறிச் செல்ப் ஒன்றின் பெரிய பிறஷை அரத்தால் ராவி அளவாக்கினார். கறுப்பு நிறக் கரிப் பிறஷ் இதுக்குச் சரிவராது, அது ட்றில் மெசினுக்கு. செல்புக்குச் செப்புத்தூள் கலந்த பிறஷ்தான் வேணும், வெட்டின முகத்தில் செம்பு நிறம் தெரியவேணும் எண்டு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

பிறஷ் உரசும் செப்பு வளையத்தைக் கண்ணாடித்தூள் தாளால் மினுக்கினோம். ஐயாவிடம் வேலை பழகும் பெடியன் உடைந்த அரிவாள் அலகால் செப்புத் துண்டுகளுக்கு இடையில் இருக்கும் மைக்காவைத் தோண்டத் தொடங்கினான். ஐயா கையில் ஒரு தட்டுத் தட்டினார். "அது டைனமோவுக்கடா. செல்புக்குத் தோண்டக் கூடாது. செப்புத்தூள் போய் நிரம்பி ஷோட் ஆகும்." லூக்காஸ் கம்பனியின் பழைய கைநூலிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் எண்டதைப் பிறகு பார்த்தேன். ஐயா கைநூல் பார்த்தவரில்லை.

புஷ்ஷை அப்படியே அடிக்கக்கூடாது, ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறப்போடவேணும். அது நுண்ணிய துவாரங்கள் உள்ள வெண்கலம். எண்ணெயைக் குடித்து வைத்திருந்து, பிறகு வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மாமாவுக்கு அந்த ஒரு நாள் பொறுக்கவில்லை. "எண்ணெய் பூசிப்போட்டு அடியுங்கோவன்" எண்டார். ஐயா பதில் சொல்லவில்லை, புஷ்ஷைக் கிண்ணத்துக்குள் போட்டு மூடிவைத்தார்.

அந்தக் காத்திருப்பில்தான் கண்டேன். கழட்டின தகரப் பட்டியின் உள்பக்கத்தில் ஆணியால் கீறின எழுத்து. ஒரு "ந", அதுக்குக் கீழே "98". கொயில் சுத்துகிறவர்கள் வேலை செய்த வருசத்தையும் சொந்தக்காரரின் முதலெழுத்தையும் அப்படிக் கீறுவது வழக்கமாம். 1998 இல் வன்னிக்குள் பற்றறியே இல்லாத காலத்தில், ஒருவர் இந்தச் செல்பைக் கழட்டிச் சுத்திக் கொடுத்து, எப்பவோ ஒருநாள் தேவைப்படும் எண்டு திரும்பப் பூட்டியிருக்கிறார். அவரும் அந்த மெசினும் எங்கே எண்டு கேட்க எங்களிடம் ஆருமில்லை. ஐயா உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்கத் தொடங்க, மாமா "அந்த இடத்தை விடுங்கோ" எண்டார். ஐயா அந்த இடத்தை விட்டுத் தேய்த்தார்.

அடுத்த நாள் புஷ் ஏறியது. பல்லுச் சக்கரம் ஓடுகிற திருகுத் தண்டைக் கழுவ மண்ணெண்ணெய் வேணும். அதுவும் அந்த மாதம் இல்லை, ஒரு கடற்தொழிலாளியிடம் அரைப் போத்தல் கடன். அந்தத் தண்டுக்குக் கிறீஸோ எண்ணெயோ போடக்கூடாது. புழுதி ஒட்டிப் பல்லு முன்னுக்கு வராமல் நிண்டுவிடும். காய்ந்தே இருக்கவேணும். பிறகு மோட்டரைக் குறட்டில் இறுக்கி, வயர் கொடுத்துப் பார்த்தோம். குறட்டில் இறுக்காமல் கொடுத்தால் துள்ளி மேசையால் விழும், பாரமில்லாமல் கனநேரம் ஓடவிட்டால் வேகம் கூடிச் சிதறும். ஒரு செக்கன்தான். சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம்.

பூட்ட முதல் ஐயா துவாரத்துக்கால் ரோச் அடித்து, எஞ்சின் சில்லில் இருக்கும் பல்லு வளையத்தைக் காட்டினார். மூண்டு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது எப்பவும் ஏதாவது ஒரு நெரிப்புக்கு முன்னால்தான் நிற்கும். அப்படி நிற்கக்கூடிய இடங்கள் மூண்டு. செல்பின் பல்லு அறுபது வருசமாக வளையத்தில் அந்த மூண்டு இடத்தையேதான் கடித்திருக்கிறது. மற்ற இடத்தில் பல்லுப் புதுசு மாதிரி, அந்த மூண்டு இடத்தில் தேய்ந்து கூர். வளையத்தைச் சூடாக்கிக் கழட்டித் திருப்பிப் போட்டால் புதுப் பல்லுக் கிடைக்கும். ஆனால் அதுக்கு மெசினை நடுவால் இரண்டாகப் பிரிக்கவேணும். "அதுக்கு இப்ப காசுமில்லை, நேரமுமில்லை. இன்னும் ரெண்டு போகம் தாங்கும்" எண்டார் ஐயா.

திறப்பை மாமாதான் திருப்பினார். ஒரு சுற்று, இரண்டாம் சுற்றில் எடுத்தது. கறுப்பாக ஒரு புகை, பிறகு அந்த மூண்டு சிலிண்டர்ச் சத்தம். மாமா நிப்பாட்டினார். திரும்பத் திருப்பினார். எடுத்தது. திரும்ப நிப்பாட்டினார். டீசல் விலையை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அண்டு இரவு மெசின் முற்றத்தில் இல்லை. வெளியில் வந்து பார்த்தேன். மாமா அதை வாய்க்கால் கட்டில் ஏற்றி, முகப்பை இறக்கத்தைப் பார்க்க நிப்பாட்டி, பின் ரயருக்குக் கல்லு வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பதானே மாமா செல்ப் எடுக்குது?"

"ஓம் மருமோன், எடுக்குது" எண்டுவிட்டு, கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளினார்.